ஒன்ராறியோவில் சட்ட அமலாக்கத்துறையினரின் மோட்டார் சைக்கிள் கழகத்தில் சேர விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒன்ராறியோவின் மாகாணச் சிறைச்சாலை ஒன்றில் நான் உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். எங்கள் துறையினருக்கான மோட்டார் சைக்கிள் கழகம் ஒன்றில் முழு உறுப்பினராக எனக்கு மூன்று கோடைகள் பிடித்தன. அவற்றில் ஒரு கோடை முழுவதும், எந்தப் பத்திரத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாததால் வீணானது. ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பகுதிகளிலிருந்து இந்தத் துறைக்கு வரும் தமிழ் இளைஞர்களும் பெண்களும் பெருகி வருகிறார்கள். அவர்களில் சிலர் இதே கேள்விகளை என்னிடம் கேட்பதால், நான் கடந்து வந்த படிகளை வரிசையாக எழுதி வைக்கிறேன். தொகைகள் அனைத்தும் கனேடிய டொலரில் உள்ளன. "நான் கொடுத்தது" என்று குறிப்பிடும் தொகைகள் என் சொந்தச் செலவுகள். உங்களுக்கு அவை கூடலாம், குறையலாம்.

1. உங்கள் பதவி கழகத்தின் வரையறைக்குள் வருகிறதா என்று பாருங்கள்

மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை இது. இத்தகைய கழகங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. 1974 இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள பாங்கோர் நகரில் தொடங்கப்பட்டு, கனடா உட்படப் பல நாடுகளில் கிளைகள் கொண்டுள்ள புளூ நைட்ஸ், பணியிலிருக்கும் மற்றும் ஓய்வுபெற்ற சட்ட அமலாக்க உத்தியோகத்தர்களுக்கான கழகம். பெயர் ஒத்திருப்பதால் பலர் அதனோடு குழப்பிக்கொள்ளும் ரெட் நைட்ஸ், தீயணைப்புப் படையினருக்கானது. இவற்றைத் தவிர, குற்றவியல் நீதித்துறையின் எந்தப் பிரிவில் பணியாற்றுபவரையும் ஏற்கும் சிறிய கழகங்களும் உள்ளன.

நீங்கள் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தால் இந்தப் படியில் உங்களுக்குச் சிக்கல் எதுவும் இராது. சிறைச்சாலை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், எல்லைச் சேவை உத்தியோகத்தர், நீதிமன்ற ஊழியர், 911 அழைப்பு ஏற்பவர் ஆகியோர் கழகத்தின் யாப்பைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். "கைது செய்யும் அதிகாரம் உள்ளவர்" என்று ஒரு கழகம் எழுதியிருக்கும்; "பீஸ் ஒஃபிசர்" (சட்டப்படி அமைதி காக்கும் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்) என்று மற்றொன்று எழுதியிருக்கும்; "குற்றவியல் நீதித்துறையில் முழுநேரப் பணியாளர்" என்று வேறொன்று எழுதியிருக்கும். கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை 2 ஆம் பிரிவில் பீஸ் ஒஃபிசர் என்பதற்குத் தரும் வரையறையில் சிறைச்சாலைக் காவலர்களும் நிரந்தர ஊழியர்களும் அடங்குகிறார்கள். கூட்டாட்சிச் சிறைகளில் பணியாற்றுவோரில், அதற்குரிய சட்டத்தின் கீழ் அவ்வாறு நியமிக்கப்பட்டவர்களும் அடங்குகிறார்கள். நான் முதலில் விண்ணப்பித்த கிளையில், சிறைச்சாலை ஊழியர்களுக்கு இடமில்லை என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். நானும் நம்பி விலகிவிட்டேன். எட்டு மாதங்களுக்குப் பிறகுதான் யாப்பைக் கேட்டு வாங்கினேன். அதில் பீஸ் ஒஃபிசர் என்றே எழுதப்பட்டிருந்தது. வாய்ப் பதிலை ஏற்காமல் எழுத்திலுள்ள யாப்பைக் கேளுங்கள்; கிளைச் செயலாளர் அதை அனுப்பிவைப்பார்.

பகுதிநேரமாகவோ ஒப்பந்த அடிப்படையிலோ பணியாற்றுபவராயின் அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். துணை உறுப்பினர் என்ற வகை சில கழகங்களில் உண்டு. அதில் வாக்குரிமை இருக்கிறதா, முதுகுப் பேட்ச் (வெஸ்ற்றின் முதுகில் தைக்கும் கழகச் சின்னம்) அணிய அனுமதி இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

2. வேலைத்தலத்திலிருந்து கடிதமும், நலன் முரண்பாடு பற்றிய அறிவித்தலும்

கழகம் கேட்பது நீங்கள் இன்ன பதவியில் இன்ன திகதியிலிருந்து பணியாற்றுகிறீர்கள் என்ற உறுதிப்பாடு மட்டுமே. மனிதவளப் பிரிவிடம் "வேலை உறுதிக் கடிதம்" என்று கேட்டால் போதும். வங்கிக் கடனுக்குக் கொடுக்கும் அதே கடிதம்தான். சம்பளத் தொகை அதில் தேவையில்லை என்று கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தக் கடிதம் வர ஐந்து வாரங்கள் ஆயின. ஆகவே இலையுதிர் காலத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.

பணி அடையாள அட்டையைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். எவ்வளவு நம்பிக்கையானவர் கேட்டாலும், அந்த அட்டையை நேரில் காட்டிவிட்டுத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறைச்சாலையில் பணியாற்றுவோருக்கு இன்னொரு கடமையும் உண்டு. மோட்டார் சைக்கிள் உலகில் சட்டத்துக்குப் புறம்பான கும்பல்களும் உள்ளன. அவற்றைச் சேர்ந்தவர்கள் உங்கள் தடுப்புத் தொகுதியிலேயே இருக்கக்கூடும். ஆகவே நீங்கள் சேரப்போகும் கழகத்தின் பெயரையும் அதன் நோக்கத்தையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி மேலதிகாரியிடம் முன்கூட்டியே கொடுத்து, கொடுத்ததற்கான திகதியிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எவராவது உங்கள் புகைப்படம் ஒன்றைக் காட்டிக் கேள்வி எழுப்பினால் அந்தப் பிரதிதான் உங்களைக் காப்பாற்றும். நான் இதைச் செய்திருந்தேன். ஒருமுறை அது எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

இதோடு சேர்த்து ஒன்று. கழகத்திலுள்ள பொலிஸ் நண்பர் எவரிடமும், அறிமுகமற்ற ஒரு சவாரியாளரின் பெயரையோ இலக்கத் தகட்டையோ பொலிஸ் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கும்படி கேட்காதீர்கள். தனிப்பட்ட காரணத்துக்காக அந்தத் தரவுத்தளத்தைத் திறப்பது அவருடைய வேலைக்கே உலை வைக்கும்.

3. எம்1 பரீட்சையை நாட்களை எண்ணிய பிறகே எழுதுங்கள்

ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எம்1, எம்2, எம் என மூன்று படிகளில் கிடைக்கிறது. எம்1 என்பது டிரைவ்ரெஸ்ற் நிலையத்தில் எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முடிந்தவுடன் கையில் கிடைப்பது. அது 90 நாட்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதில் முதல் 60 நாட்களைக் கழித்த பிறகே எம்2 இற்கு மாறலாம். அதாவது உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 30 நாட்கள்.

பலர் விழும் பள்ளம் இதுதான். பனிக்காலத்தில் வேலை குறைவாக இருக்கிறதே என்று பெப்ரவரி 20 ஆம் திகதி நான் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன். மே மாதம் 21 ஆம் திகதியோடு 90 நாட்கள் முடிந்தன. பயிற்சி வகுப்பிலோ ஜூன் மாதம்வரை இடமில்லை. எழுத்துப் பரீட்சையை மீண்டும் எழுதி, மீண்டும் பணம் கட்டி, மீண்டும் 60 நாட்கள் காத்திருந்தேன். அந்தக் கோடை அப்படியே போனது.

சரியான வரிசை இது. ஜனவரியிலேயே, அரசு அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில் மே மாத வார இறுதி ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு பின்னோக்கி எண்ணி எம்1 எழுதுங்கள். உதாரணமாக ஏப்ரல் 5 இல் எம்1 எடுத்தால், ஜூன் 4 இல் 60 நாட்கள் நிறைவடையும், ஜூலை 4 இல் 90 நாட்கள் முடியும். மே மாதப் பயிற்சியில் சித்தியடைந்திருந்தால் ஜூன் முதல் வாரத்தில் எம்2 உங்கள் கையில் இருக்கும்.

பயிற்சிக்கு நான் கொடுத்தது வரியோடு 600 டொலருக்குச் சற்று மேல். சிறிய மோட்டார் சைக்கிளை அவர்களே தருவார்கள். தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் சப்பாத்து, நீண்ட கைச்சட்டை, தடித்த காற்சட்டை ஆகியவை உங்களுடையதாக இருக்க வேண்டும். ஓட்டப்பயிற்சிச் சப்பாத்தோடு வந்த ஒருவரைக் காலை ஏழரை மணிக்குத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். கட்டிய பணமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தலைக்கவசத்தில் டி.ஓ.ரி, ஸ்னெல், ஈ.சி.ஈ ஆகிய தர அடையாளங்களில் ஒன்று இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

எம்1 இல் இரவில் ஓட்ட முடியாது, பின்னால் ஆளேற்ற முடியாது, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வேக எல்லை உள்ள நெடுஞ்சாலைகளில், குறிப்பிட்ட சில வடபகுதிச் சாலைகளைத் தவிர, போகவும் முடியாது. கழகச் சவாரிகள் 401, 404 போன்ற 400 தொடர் அதிவேக நெடுஞ்சாலைகளைத் தொடாமல் நடப்பது அரிது. ஆகவே எம்1 வைத்துக்கொண்டு கழகத்துக்குப் போவதில் பயனில்லை. எம்2 இல் அந்தத் தடைகள் நீங்கும். இரத்தத்தில் மதுவின் அளவு பூச்சியமாக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் தொடரும். கழகச் சந்திப்புகள் உணவகங்களில் நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எம்2 வைத்திருப்பவருக்கு ஒரு கிண்ணம் பியரும் கூடாது. எங்கள் தொழிலில் இருப்பவருக்கு அந்தக் குற்றத்தின் விலை அனுமதிப்பத்திரத்தோடு நின்றுவிடாது.

முழு எம் பெற எம்2 ஐ 22 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்திருந்தால் 18 மாதங்கள் போதும். எம்2 ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும். அதற்குள் மேலே செல்லாவிட்டால் எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கழகம் எம்2 ஐ ஏற்கிறதா, முழு எம் கேட்கிறதா என்பதும் யாப்பில் இருக்கும்.

4. மோட்டார் சைக்கிள் வாங்குதல்

சில கழகங்கள் குறைந்தபட்ச எஞ்சின் அளவை விதிக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஒரே ஆண்டில் இரண்டு முறை வாங்கி விற்கும் நட்டம் வராது.

நான் 650 சிசி பழைய குரூஸர் ஒன்றைத் தனியார் ஒருவரிடம் 4,800 டொலருக்கு வாங்கினேன். மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 13 சதவீத வரி 624 டொலர், தகட்டுக்கும் பதிவுக்கும் 59 டொலர். விற்பவர் உங்களுக்குத் தர வேண்டிய பயன்படுத்திய வாகனத் தகவல் பொதியின் விலை 20 டொலர். அந்த வாகனத்தின் மீது தீர்க்கப்படாத கடன் இருக்கிறதா என்பது அதில் தெரியும். அது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் 36 நாட்களுக்கே செல்லுபடியாகும் என்பதால், திகதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய ஆறு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

5. காப்புறுதி

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். விலை பேசுவதற்கு முன்னரே, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளின் வகை, ஆண்டு, எஞ்சின் அளவு ஆகியவற்றைச் சொல்லிக் குறைந்தது மூன்று தரகர்களிடம் தொகை கேளுங்கள். எம்2 வைத்திருக்கும் புதியவர் ஸ்போர்ட்ஸ் ரக மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி கேட்டால், ஆண்டுத் தொகை அந்த வாகனத்தின் பாதி விலையை எட்டுவதும் உண்டு. என் குரூஸருக்கு முதல் ஆண்டில் 1,900 டொலர் கட்டினேன்.

நவம்பரில் மோட்டார் சைக்கிளைக் கராஜில் ஏற்றிவிட்டுக் காப்புறுதியை ரத்துச் செய்தால் பாதிப் பணம் திரும்பும் என்று நான் நினைத்தேன். பல நிறுவனங்கள் முழு ஆண்டுத் தொகையையும் ஓடும் மாதங்களுக்கே கணக்கிடுகின்றன என்பதால் எனக்குத் திரும்பியது சொற்பம். அதைவிடப் பெரிய இழப்பு, என் காப்புறுதி வரலாற்றில் ஏற்பட்ட இடைவெளி. அடுத்த வசந்தத்தில் அதைக் காட்டித் தொகையை உயர்த்தினார்கள். ரத்துச் செய்யாமல், குளிர்காலத்தில் திருட்டுக்கும் தீக்கும் மட்டும் பாதுகாப்பை வைத்துக்கொள்ள முடியுமா என்று தரகரிடம் கேளுங்கள். காப்புறுதியின்றி ஒருநாள் ஓட்டிப் பிடிபட்டாலும் முதல் குற்றத்துக்கே அபராதம் 5,000 டொலரில் தொடங்குகிறது.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்புறுதி 200,000 டொலர். கூட்டமாக ஓடும்போது ஒருவரின் தவறு மூன்று பேரைச் சாய்க்கலாம். ஆகவே 2 மில்லியனுக்குக் குறைய எடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை; வேறுபாடாக நான் கட்டுவது ஆண்டுக்கு நூறு டொலருக்கும் குறைவு.

6. விருந்தினராகச் சில சவாரிகள்

விண்ணப்பப் படிவத்துக்கு முன்னர், கழகத்தினர் உங்களைத் தெருவில் பார்க்க விரும்புவார்கள். அறிமுகமாக நல்ல இடம் தொண்டுச் சவாரிகள். 2000 ஆம் ஆண்டில் ஒட்டாவாவில் தொடங்கி, புரொஸ்டேற் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நிதி திரட்டும் 'ரைட் ஃபோர் டாட்' சவாரி அவற்றில் ஒன்று. பொலிஸார் அதில் முன்னின்று பங்கேற்கிறார்கள், பொதுமக்களும் பதிவு செய்து சேரலாம். வெள்ளிக்கிழமை 13 ஆம் திகதியில் வரும்போதெல்லாம் ஈரி ஏரிக்கரையிலுள்ள போர்ட் டோவரில் 1981 முதல் கூடும் பெருங்கூட்டத்தை அறிமுக இடமாகத் தெரிவு செய்ய வேண்டாம். அங்கே எல்லா வகைக் கழகங்களும் வரும். யார் யாரென்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

"கிக்ஸ்ராண்ட்ஸ் அப் ஒன்பது" என்று அறிவித்தால், ஒன்பது மணிக்கு எல்லோருடைய சக்கரங்களும் உருளத் தொடங்கியிருக்க வேண்டும் என்று பொருள். எட்டரைக்கே, எரிபொருள் நிரப்பி, கழிவறை போய்வந்து நில்லுங்கள். என் முதல் சவாரியில் எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்து, எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று சொன்னேன். பதினேழு பேர் வெயிலில் தலைக்கவசத்தோடு காத்து நின்றார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அடுத்த அழைப்பு எனக்கு இரண்டு மாதம் கழித்தே வந்தது.

வரிசையில் ஒருவர் தடத்தின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக மாறி மாறி ஓடுவார்கள். உங்கள் நேர்முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு வினாடி இடைவெளி, சாய்வாக முன்னால் இருப்பவருக்கு ஒரு வினாடி. முன்னால் ஓடும் வழிகாட்டி ஒரு விரலைத் தூக்கினால் ஒற்றை வரிசை. காலை வெளியே நீட்டிக் காட்டினால் தெருவில் அந்தப் பக்கமாகக் குழியோ கல்லோ இருக்கிறது என்று பொருள். புதியவரின் இடம் வரிசையின் கடைசி ஆளுக்கு முன்னால். இடைவெளி கூடிவிட்டால் விரட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கடைசி ஆள் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டார்.

7. தகுதிகாண் காலம், வாக்கெடுப்பு, செலவு

உங்களை முன்மொழிய ஒரு முழு உறுப்பினர் வேண்டும். அதன் பிறகு வரும் தகுதிகாண் காலம் எனக்கு ஓராண்டு. அந்தக் காலத்தில் எத்தனை கூட்டங்களுக்கும் எத்தனை சவாரிகளுக்கும் வர வேண்டும் என்ற எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். பன்னிரண்டு மணிநேர மாறுமுறை வேலை செய்யும் நமக்கு இதுவே கடினமான பகுதி. கழகத்தின் ஆண்டு நாட்காட்டி வந்த அன்றே முறைமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நோய் விடுப்பு எடுத்துச் சவாரிக்குப் போவதை ஒருபோதும் செய்யாதீர்கள். புகைப்படம் எடுக்காத சவாரி கிடையாது.

ஆண்டுச் சந்தா எனக்கு 100 டொலர், தோல் வெஸ்ற் (கையில்லாத மேலங்கி) 180 டொலர். பேட்ச் கழகத்தின் சொத்து. விலகும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற தாளில் கையொப்பம் வாங்குவார்கள். உங்களைச் சேர்ப்பது பற்றிய வாக்கெடுப்புக்கு முன்னர் இணையத்தில் எதையும் வாங்கித் தைக்க வேண்டாம். மூன்று துண்டுகளாக முதுகில் பேட்ச் அணிவதும், அதில் மாகாணத்தின் பெயரைப் போடுவதும் சட்டவிரோதக் கும்பல்கள் தமக்கே உரியதென்று கருதும் வழக்கம். தெரியாமல் அணிந்தவர் வழியில் மறிக்கப்படலாம்.

பேட்ச் கிடைத்த அன்று அதை ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த தையல் அக்காவிடம் கொண்டுபோனேன். தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு என்ர ஊசி உடைஞ்சுபோம், சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுங்கோ" என்றார். அவர் சொன்னதே சரி. சப்பாத்துத் திருத்துபவர் தடித்த நூலால் ஓரம் முழுவதும் தைத்து 40 டொலர் வாங்கினார். நான்கு ஆண்டுகளாக ஒரு தையலும் பிரியவில்லை.

8. வெஸ்ற் அணிந்த பிறகு

வெஸ்ற்றை அணிந்துகொண்டு வேலைக்குப் போகாதீர்கள். தனியாக எரிபொருள் நிலையத்தில் நிற்கும்போது கழற்றி, உட்புறம் வெளியே தெரிய மடித்துப் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டு வாசலில், இலக்கத் தகடு தெரிய, பேட்ச் தெரிய எடுத்த படத்தை எங்கும் பகிர வேண்டாம். நாம் காவல் காக்கும் மனிதர்களுக்கு வெளியே நண்பர்கள் இருக்கிறார்கள். நமக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்குச் சவாரி போனால் கடவுச்சீட்டு, வாகனப் பதிவு, காப்புறுதி அட்டை ஆகியவற்றோடு தனியான பயண மருத்துவக் காப்புறுதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அங்கே தருவது மிகச் சிறிய தொகை. கடமை உபகரணம் எதையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எல்லைக்குப் போகாதீர்கள்.

ஆண்டின் இரண்டு ஞாயிறுகளை இப்போதே குறித்து வையுங்கள். மே மாத முதல் ஞாயிறு ரொறன்ரோ குயின்ஸ் பார்க்கில் ஒன்ராறியோ பொலிஸ் நினைவு நிகழ்வு. செப்டெம்பர் கடைசி ஞாயிறு ஒட்டாவா நாடாளுமன்றக் குன்றில், கடமையில் உயிரிழந்த பொலிஸாருக்கும் பீஸ் ஒஃபிசர்களுக்குமான தேசிய நினைவு நிகழ்வு. இரண்டாவதில் சிறைச்சாலை உத்தியோகத்தர்களும் நினைவுகூரப்படுகிறார்கள் என்பதால் எங்கள் கிளை அதைத் தவறவிடுவதில்லை. அந்த வார இறுதிக்கு எல்லோரும் விடுமுறை கேட்பார்கள். என் வேலைத்தலத்தில் ஜூன் மாதத்துக்குப் பிறகு கேட்டவருக்குக் கிடைத்ததில்லை.